மேல்பட்டிக்கும் கம்பெனி கேட்டுக்கும் நடுவே ஒரு பூதம்

அந்த விளையாட்டை நான் தேடிப் போகவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தனார் புதுப் போன் வாங்கியதும், மூலையில் விரிசல் விட்ட பழைய போனை என்னிடம் கொடுத்தார். அதிலிருந்த எல்லாவற்றையும் அழித்தவர் அந்த விளையாட்டை மட்டும் மறந்துவிட்டார். ஒரு நாள் காலை கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, கோடாலிப் படம் போட்ட கட்டத்தைத் தெரியாமல் தொட்டேன். இடுப்புவரை தாடி விட்ட ஒருத்தன், கையில் கோடாலியோடு மலையுச்சியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். விரலை வைத்தால் நடந்தான். எடுத்தால் நின்றான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் சொன்னபடி நடக்கிற ஓர் ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் ஃபைனல் செக்கிங். பெட்டிக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு ஷூவையும் திருப்பிப் பார்த்து, தையல் தாண்டியிருக்கிறதா, பசை வழிந்திருக்கிறதா, இடதும் வலதும் ஒரே நிறமா என்று சொல்ல வேண்டும். குடியாத்தத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். ஐம்பது நிமிடம் போனால் கேட். கேட்டில் எங்கள் போனையெல்லாம் துணிப் பையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுப்பார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூக்கம். வீட்டுக்குப் போனால் அடுப்பு. ஆக, தாடிக்காரனுக்கும் எனக்கும் இருந்தது அந்தக் காலை ஐம்பது நிமிடம்தான்.

நாலைந்து மாதம் நரியையும் ஓநாயையும் வெட்டிக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தேன். பிறகு ஒரு குகை வாசல் வந்தது. அதற்குப் பெயர் ரெய்டு என்று போட்டிருந்தது. உள்ளே மூன்று தலைப் பூதம் ஒன்று. அதை அடிக்க எட்டுப் பேர் சேர்ந்து போக வேண்டும். ஒருவர் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும், ஒருவர் அடிபட்டவர்களுக்கு மருந்து போட வேண்டும், மற்றவர்கள் அடிக்க வேண்டும். எல்லோரும் செத்துவிட்டாலோ வெளியே வந்துவிட்டாலோ பூதம் பழையபடி முழு உயிரோடு எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

தெரியாத ஏழு பேரோடு இரண்டு மூன்று முறை போனேன். பாதிச் சண்டையில் பஸ் கேட்டுக்கு வந்துவிடும். போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன். முன்னால் நிற்க வேண்டிய தாடிக்காரன் திடீரென்று மாயமானால் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? அடுத்த நாள் திறந்தால் இந்தியிலும் இங்கிலீஷிலும் திட்டு நிரம்பி வழியும். அதன் பிறகு என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ரோஷம் வந்து ஒரு நாள் தனியாகவே உள்ளே போனேன். பதினோரு நொடி. நான் கோடாலியை ஓங்கினேன், அவ்வளவுதான்.

செத்தால் அந்த விளையாட்டில் ஒரு சத்தம் வரும், கிணற்றுக்குள் தகர டப்பா விழுந்த மாதிரி. ஒரு நாள் காலையில் அந்தச் சத்தம் கேட்டது. என் ஆள் நன்றாகத்தான் இருந்தான். சத்தம் பக்கத்து சீட்டு புர்காவுக்குள்ளிருந்து வந்தது.

அவர் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற மெஷினில் இருப்பவர். எல்லோருக்கும் மெஷின் அக்கா. இரண்டு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து, மழை வருமா வராதா என்பதைத் தவிர நாங்கள் எதுவும் பேசியதில்லை.

"அக்கா, நீங்களா?"

"அரே, நீயுமா?" என்று போனை வெளியே எடுத்தார். வெள்ளை அங்கி போட்ட கிழவர் ஒருவர் கையில் குச்சியோடு குப்புறக் கிடந்தார். சவுதியில் இருக்கும் அவர் வீட்டுக்காரர் இந்த விளையாட்டில்தான் நேரத்தைப் போக்கிக்கொண்டிருந்தாராம். போன் பண்ணினால் பேச மாட்டார், உள்ளே வந்தால் பேசுவார் என்று இவரும் சேர்ந்திருக்கிறார். "அப்புறம் அவரு வுட்டுட்டாரு. என்னால வுட முடியல. மருந்து போட்டுப் போட்டுக் கை பழகிடுச்சு."

மருந்து போடுகிற ஆள் கிடைத்துவிட்டார். மூன்றாவது ஆள் முன் சீட்டில் இருந்தாள். ஹெச்.ஆரில் புதிதாகச் சேர்ந்த பெண், இருபத்து நாலு வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் எப்போதும் கோப்பு. ஆபீஸ் ஆட்கள் எங்களோடு அதிகம் பேச மாட்டார்கள். ஆனால் மெஷின் அக்கா, "மருந்து தீந்துபோச்சுடி, நீயே பாத்துக்கோ!" என்று கத்திய ஒரு நாள் அவள் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் எழுந்து பின்னால் வந்து, "அக்கா, நான் வில்லு. எடம் இருக்கா?" என்றாள். சீட்டில்தான் இடம் கேட்கிறாள் என்று நினைத்து மெஷின் அக்கா நகர்ந்து உட்கார்ந்தார்.

நாலாவது ஆளை முதலில் விளையாட்டுக்குள்தான் கண்டுபிடித்தோம். பச்சைத் தலைமுடியும் முழங்காலுக்கு மேலே பாவாடையுமாக, கைவிரலில் மின்னல் விடும் மாயக்காரி ஒருத்தி. பேசவே மாட்டாள். கூப்பிட்டால் வருவாள், அடிப்பாள், போவாள். ஏழு இருபத்தைந்துக்கு வருவாள், எங்களைப் போலவே ஏழு ஐம்பதுக்குக் காணாமல் போவாள். "காலேஜ் பொண்ணா இருக்கும், கிளாஸுக்குப் போவுது போல" என்று மெஷின் அக்கா பரிதாபப்பட்டார். "பாவம், பாவாடையாவது நீளமா வாங்கிப் போட்டுக்கக் கூடாதா?"

மூன்று வாரம் கழித்து, ஹெச்.ஆர். பெண் பேனாவைத் தவறவிட்டு அதைத் தேடிக்கொண்டு பின் சீட்டுவரை குனிந்தபடியே போனாள். பேனாவை எடுக்காமலே திரும்பி வந்தாள்.

"அக்கா, மாயக்காரி கடைசி சீட்டுல இருக்கா."

நாங்கள் திரும்பினோம். கடைசி சீட்டில் எங்கள் ஃபிட்டர் அண்ணன் இருந்தார். மெஷின் ரிப்பேரானால் வருபவர். ஐம்பது வயது, பெரிய மீசை, நெற்றியில் மூன்று கோடு விபூதி. மேல்பட்டியில்தான் ஏறுவார், கடைசியாக. நாங்கள் மூவரும் எழுந்துபோய் அவர் முன்னால் நின்றோம். அவர் போனை மடியில் கவிழ்த்தார்.

"அண்ணா, அந்தப் பச்சை முடி..." என்று ஆரம்பித்தாள் ஹெச்.ஆர். பெண்.

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவர் சொன்னார்: "அதுதாம்மா ஃப்ரீயா கெடச்சுது."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் கேட்டதில்லை. மெஷின் அக்கா மட்டும் பாவாடை விஷயத்தைச் சொன்னதற்காக இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

எட்டுப் பேர் வேலைக்கு நாலு பேர் சேர்ந்துவிட்டோம். ஐந்தாவதாக யாரும் வரவில்லை. ஃபிட்டர் அண்ணன் மேல்பட்டியில் ஏறியதிலிருந்து கேட்வரை இருபத்தேழு நிமிடம். அதற்குள் பூதம் சாக வேண்டும். அதன் இடது தலையும் வலது தலையும் நெருப்புத் துப்பும். நடுத்தலை ஒரு பாட்டம் கத்திவிட்டுப் பத்து நொடி கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பத்து நொடியும் மற்ற இரண்டும் நெருப்புத் துப்பாது. திங்கட்கிழமை மீட்டிங்கில் எங்கள் ஜி.எம்.மும் அப்படித்தான், கத்திவிட்டுக் கண்ணை மூடித் தண்ணீர் குடிப்பார். அதனால் பூதத்துக்கு ஜி.எம். என்று மெஷின் அக்கா பெயர் வைத்தார். வாய்க்குச் சுலபமாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது.

பஸ்ஸில் எங்கள் பேச்சு மற்றவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நாங்கள் யோசிக்கவில்லை. "ரத்தம் போய்க்கினே இருக்கு!" என்று நான் ஒரு நாள் அலறியதற்கு டிரைவர் பிரேக் போட்டு, முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் பெட்டியை மூடிக்கொண்டு, "இன்னொரு தபா ரத்தம் கித்தம்னு கத்தினா அப்படியே நடு ரோட்ல எறக்கி வுட்டுடுவேன்" என்றார். அதோடு ரத்தத்தை நிறுத்திக்கொண்டோம். ஜி.எம்.மை நிறுத்தவில்லை.

எங்களுக்கு எதிர் சீட்டில் பேக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் இருப்பார். நாங்கள் செத்துவிட்டதாகச் சொல்லும்போதெல்லாம் "காலங்காத்தால இன்னா பேச்சு இது" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு புதன்கிழமை பஸ் கேட்டுக்குள் நுழையும்போது பூதத்துக்குக் கால்வாசி உயிர்தான் பாக்கி. அந்த வேகத்தில் மெஷின் அக்கா எழுந்து நின்று சொன்னார்: "நாளைக்குக் காலைல மேல்பட்டி தாண்டினதும் ஜி.எம்.மை முடிச்சுடணும். ஃபிட்டர் அண்ணன் பின்னாலருந்து அடிக்கட்டும். நீ முன்னால நின்னு புடிச்சுக்கோ."

பதினோரு மணிக்கு எங்கள் நாலு பேருக்கும் ஜி.எம். அறையிலிருந்து அழைப்பு வந்தது. பேக்கிங் அக்காவைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

"உக்காருங்க" என்றார் ஜி.எம். யாரும் உட்காரவில்லை. "நாளைக்குக் காலைல என்னை முடிக்கப் போறதா கேள்விப்பட்டேன்."

ஹெச்.ஆர். பெண் முந்திக்கொண்டாள். "சார், அது நீங்க இல்ல சார். அது வேற ஜி.எம்."

"நம்ம கம்பெனில எத்தனை ஜி.எம்.?"

"ஒருத்தர்தான் சார்."

ஆபீஸ் ஆட்கள் போனை உள்ளே வைத்துக்கொள்ளலாம் என்பதால் அவளிடம் போன் இருந்தது. வேறு வழியில்லாமல், பதிவு செய்து வைத்திருந்த சண்டையைப் போட்டுக் காட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு நாலு நிமிடமும் பார்த்தார். தாடிக்காரன் எரிந்தான். கிழவர் எரிந்தார். டப்பா நாலு முறை விழுந்தது.

"இதுல எந்தத் தலை நானு?"

வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசும் ஃபிட்டர் அண்ணன் அன்றைக்கென்று பேசினார். "நடுவுல இருக்கறது சார்."

"ஏன்?"

"அதுதான் சார் பாக்க லட்சணமா இருக்கும்" என்றார் மெஷின் அக்கா.

ஜி.எம். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார். "எத்தனை பேர் வேலை இது?"

"எட்டு சார்."

"மீதி நாலு பேரு ஆப்சென்டா?"

"ஆளே கிடைக்கல சார்."

இந்த பதில் அவருக்கு மிகவும் பழகிய பதில். சட்டென்று எங்கள் பக்கம் வந்துவிட்டார். தாளை எடுத்து நாலு கட்டம் போட்டார். "பாருங்க, மருந்து ஒருத்தர் கையில மட்டும் இருக்கு. அங்கதான் லைன் அடைக்குது. அதான் எல்லாரும் சாகறீங்க. ஃபிட்டரையும் மருந்துக்கு மாத்துங்க. அவுட்புட் தானா வரும்."

ஜி.எம். சொன்னால் செய்ய வேண்டும். மறுநாள் ஃபிட்டர் அண்ணன் மின்னலை விட்டுவிட்டு மருந்துக்கு மாறினார். யாருமே சாகவில்லை. பூதமும் சாகவில்லை. இரண்டு பேர் மருந்து போட, இரண்டு பேர் அடிக்க, பூதம் பாதி உயிரோடு எங்களைச் சலிப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேட் வந்துவிட்டது. மதியம் ஜி.எம். எங்கள் பக்கமாக வந்தார்.

"என்னாச்சு?"

"யாரும் சாகல சார்."

"பாத்தீங்களா!" என்று சந்தோஷமாகப் போய்விட்டார். அவரிடம் மேற்கொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நாங்கள் பழையபடி மாறிக்கொண்டோம். அதன் பிறகு ஒரு வழி கிடைத்ததற்கு மூளை காரணமில்லை. ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. என் கட்டைவிரல் திரை விரிசலில் சறுக்கி, தாடிக்காரன் ஒரு பாறைக்கும் சுவருக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொண்டான். எப்படி இழுத்தும் வெளியே வரவில்லை. ஆனால் வலது தலை துப்பிய நெருப்பு பாறையில் பட்டு அவன் மேல் படவேயில்லை. "அக்கா, அசையாதீங்க! அங்கேயே இருங்க!" என்று ஹெச்.ஆர். பெண் கத்த, நான் பஸ்ஸிலும் அசையாமல் உட்கார்ந்துவிட்டேன். இனி ஒரு தலையின் அடிதான். மருந்து போடுவதில் மிச்சமாகிற நேரத்தில், நடுத்தலை கண்ணை மூடும் பத்து நொடியும் மெஷின் அக்காவின் கிழவரும் குச்சியால் அடிக்கலாம் என்று முடிவு செய்தோம். அந்தக் குச்சி அடியில் பெரிதாக ஒன்றும் குறையாது. ஆனாலும் நாலு பேரில் ஒருவர் சும்மா நிற்கக் கூடாது.

பாறை இடுக்கில் சரியாகப் போய்ச் சிக்கிக்கொள்ளப் பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கடைசியில் ஒரு வியாழக்கிழமை வந்தது. மேல்பட்டி தாண்டியதும் உள்ளே போனோம். எல்லாம் சொன்னபடி நடந்தது. ஆனால் நேரம்தான் போதவில்லை. ஆம்பூர் நெருங்கும்போது பூதத்துக்கு இன்னும் பத்தில் ஒரு பங்கு இருந்தது. இன்னும் நாலு நிமிடத்தில் கேட். ஹெச்.ஆர். பெண் கையிலிருந்த கோப்பைத் தரையில் போட்டுவிட்டாள். "போச்சுக்கா. இன்னிக்கும் போச்சு."

அப்போது பஸ் நின்றது. முன்னால் ரயில்வே கேட் மூடியிருந்தது.

பதினாறு வருஷமாக அந்தக் கேட்டைச் சபித்திருக்கிறேன். அன்றைக்கு அதைக் கும்பிட்டேன். டிரைவர் இன்ஜினை அணைத்தார். வந்தது கூட்ஸ் வண்டி. இவ்வளவு நீளமான வண்டி எங்கே போகிறது என்று எப்போதும் எரிச்சலோடு எண்ணுவோமே, அந்த மாதிரி வண்டி. சுற்றி இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பேக்கிங் அக்கா எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "எது நீ? தாடியா?" என்றார்.

டப்பா விழுந்தது. ஹெச்.ஆர். பெண் போய்விட்டாள். இன்னொரு டப்பா. பச்சை முடி தரையில் பரந்து கிடந்தது. பின் சீட்டிலிருந்து "ஸாரிம்மா" என்று ஒரு குரல்.

"அக்கா, மருந்து!" என்றேன்.

"தீந்துபோச்சு!"

தாடிக்காரன் பாறை இடுக்கிலேயே நின்றபடி செத்தான். இனி பூதமும் கிழவரும்தான். பூதத்தின் உயிர்க்கோடு நூல் அளவு இருந்தது. நடுத்தலை கத்தி முடித்துக் கண்ணை மூடியது.

"அடிங்கக்கா! குச்சியால அடிங்க!" என்றது பாதி பஸ்.

மெஷின் அக்கா அடித்தார். மெஷினில் நிமிஷத்துக்கு எத்தனை தையல் போடுவாரோ அந்த வேகத்தில் கட்டைவிரல் இறங்கியது. அதற்குள் கூட்ஸ் வண்டி போய் ரயில்வே கேட் திறந்துவிட்டது. பின்னால் லாரியும் ஆட்டோவும் ஹாரன் அடிக்கத் தொடங்கின. நான் பயந்து டிரைவரைப் பார்த்தேன். அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். "நீங்க முடிச்சிட்டு சொல்லுங்க" என்றார்.

பூதம் முதலில் முட்டி போட்டது. பிறகு மூன்று தலையும் ஒன்றன் மேல் ஒன்றாகச் சாய்ந்தன. எட்டுப் பேர் வாளும் வேலும் கொண்டு கொல்ல வேண்டியதை ஒரு மருந்துக் குச்சி கொன்றுவிட்டது. மெஷின் அக்கா போனை மார்போடு அணைத்துக்கொண்டு "யா அல்லா" என்று பெருமூச்சு விட்டார். பேக்கிங் அக்கா விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

கம்பெனி கேட்டில் ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஆறு நிமிடம் தாமதம்.

"ரயில்வே கேட்டு சார்" என்றார் டிரைவர்.

ஜி.எம். இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். ஐம்பது பேரும் சிரித்துக்கொண்டே வேலைக்கு வந்ததை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். மெஷின் அக்கா இறங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "செத்துட்டேனா?"

"செத்துட்டீங்க சார்."

"சந்தோஷம். போய் வேலையப் பாருங்க."

சாப்பாட்டு நேரத்தில்தான் பரிசு என்ன என்று பார்த்தோம். பூதம் விட்டுப்போனது ஒரே ஒரு தோள் கவசம், தோலில் செய்தது. விளையாட்டு அதை மாயக்காரிக்குக் கொடுத்திருந்தது. அவளால் அந்தக் கனத்தைப் போட முடியாது என்பதால் ஃபிட்டர் அண்ணன் எனக்கே தருவதாகச் சொன்னார். ஹெச்.ஆர். பெண் தன் போனில் அதைப் பெரிதாக்கிக் காட்ட, தயிர்சாதக் கையோடு நாலு பேரும் குனிந்தோம்.

"தையல் தாண்டியிருக்கு" என்றேன்.

"நூலு ரொம்ப தடிப்பு. இந்தத் தோலுக்கு இந்த ஊசி போட்டா கிழிஞ்சிடும்" என்றார் மெஷின் அக்கா.

"ரிவெட்டு ஒண்ணு கோணல்" என்றார் ஃபிட்டர் அண்ணன்.

மூன்று மாதம் செத்துச் செத்து வாங்கியது, எங்கள் லைனில் வந்திருந்தால் பெட்டிக்குள்ளேயே போயிருக்காது. இருந்தாலும் தாடிக்காரனுக்கு மாட்டிவிட்டேன். ஒரு பக்கத் தோளில் மட்டும் அது கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. ஹெச்.ஆர். பெண் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். விளையாட்டிலும் அடுத்த குகை வந்துவிட்டது. அதற்குள் இருப்பது ஒரு ராட்சசத் தேள், அதற்கும் எட்டுப் பேர் வேண்டும், நாங்கள் அதே நாலு பேர்தான். பஸ் மேல்பட்டி தாண்டும் நேரத்தில் அவள் ஓசூரில் அடுப்பங்கரையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உள்ளே வருகிறாள். சில நாள் நல்ல சண்டைக்கு நடுவில் அம்பு வருவது நின்றுவிடும். தோசையைத் திருப்புகிறாள் என்று தெரிந்து, தேளிடம் அடி வாங்கிக்கொண்டே நாங்கள் காத்திருப்போம்.